நிலவறைச் சுவை: மெய்ப்பாட்டியல் நோக்கில் திறந்த உலகக் கணினி விளையாட்டுகள்

முன்னுரை

கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அறிவுரைகளாக அமைகின்றன. மாணவர் படிப்பில் கவனம் சிதறுகின்றது, கண் கெடுகின்றது, வன்முறை வளர்கின்றது என்பன அவற்றின் பொருள். இவை ஆராயத்தக்கனவே. ஆயினும், மணிக்கணக்கில் ஒருவரை ஓர் இருக்கையில் இருத்தி வைக்கும் இன்பம் எத்தகையது என்ற வினாவிற்கு அவற்றில் விடை இல்லை. ஓர் இன்பத்தின் இயல்பை அறியாது அதனைக் கடிவதும் போற்றுவதும் திறனாய்வு ஆகா.

அவ்வினாவிற்கு ஒரு சிறு பகுதி அளவில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாத்திரமேற்று ஆடும் கற்பனை உலக விளையாட்டுகளுள் ‘திறந்த உலகம்’ எனப்படும் வகையில், ஆடுவோர் தாம் விரும்பிய திசையில் மலையும் காடும் ஊரும் கடந்து செல்லலாம். அந்நிலப்பரப்பில் ஆங்காங்கே குகைகளும் கல்லறைகளும் பாழடைந்த கோட்டைகளின் அடித்தளங்களும் உள்ளன. ஆங்கிலத்தில் ‘டஞ்சன்’ எனப்படும் இவற்றை இக்கட்டுரை நிலவறை எனக் குறிக்கின்றது. பரந்த வெளியில் திரியும் உரிமை இருந்தும் ஆடுவோர் இருண்ட சிறு துளைக்குள் விரும்பிப் புகுவது ஏன் என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராயலாம்.

கணினி விளையாட்டைத் தொல்காப்பியர் முன்னரே அறிந்திருந்தார் என நிறுவுவது இங்கு நோக்கமன்று. ஒரு திறனாய்வுக் கருவி நல்லதையும் நல்லதல்லாததையும் பிரித்துக் காட்டுமாயின் அது பயன்படும் கருவி. எல்லாவற்றிற்கும் ஒரே விடை தருமாயின் அது வெறும் பெருமை பேசுதலாகும். அவ்வளவுகோலே இங்குக் கொள்ளப்படுகின்றது.

சொல்லும் தோற்றமும்

‘டஞ்சன்’ என்னும் சொல்லின் மூலம் பிரெஞ்சு மொழியில் கோட்டையின் நடுக்கோபுரத்தைக் குறித்தது. பின்னர் ஆங்கிலத்தில் அக்கோட்டையின் அடியில் உள்ள இருட்சிறையைக் குறிக்கலாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே, புதையலும் பேயும் நிறைந்த நிலத்தடித் தளம் என்ற இன்றைய பொருளைப் பரப்பியது.

கணினியில் இதன் தோற்றம் இன்னும் சுவையானது. வில் கிரவுதர் என்னும் அமெரிக்க நிரலர் 1970களின் நடுவில் ‘கலோசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதினார். அதில் படம் இல்லை, சொற்களே உண்டு. கிரவுதர் குகை ஆய்வாளரும் ஆவார். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியில் தாம் நடந்து அறிந்த ஒரு பகுதியையே அவர் விளையாட்டாக்கினார். 1977இல் டான் உட்ஸ் என்பவர் அதனை விரித்துக் கற்பனைக் கூறுகளை மேலும் சேர்த்தார். எனவே கணினி நிலவறையின் வேர் மெய்யான சுண்ணாம்புக் குகை ஒன்றில் உள்ளது. கற்பனை பின்னர் வந்தது. உடல் குகையில் பெற்ற பட்டறிவு முன்னர் வந்தது. இவ்வரிசை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

செலாயாங்கும் இரு குகைகளும்

செலாயாங் வட்டாரத்துத் தமிழ் மாணவர்க்குக் குகை என்பது ஏட்டுச் செய்தியன்று. செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அமைந்த பத்துமலை அவர்கள் கண்முன் நிற்பது. கே. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1890களின் தொடக்கத்தில் வழிபாட்டிடமாக உருப்பெற்ற இம்மலையில் 272 படிகள் ஏறினால் கோயிற்குகையை அடையலாம். அக்குகையின் மேற்கூரை திறந்து வெளிச்சம் இறங்குகின்றது. அதே படிவழியில், உச்சியை அடையும் முன்னரே, இருட்குகைக்கு வழி பிரிகின்றது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம் கொண்ட அதன் வழிகளில் கதிரொளி எட்டாத பகுதிகள் உள்ளன. அக்குகை 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

ஒரே மலையில் ஒளிக்குகையும் இருட்குகையும் அமைந்திருப்பது நிலவறை இன்பத்தின் அடிப்படை ஒன்றைப் புலப்படுத்துகின்றது. பெரும்படி வழியே செல்வோர் தாம் எதற்குச் செல்கின்றனர் என்பதை அறிந்து செல்கின்றனர். பக்கவாயிலைக் காண்பவரோ ஒரு கணம் நின்று உள்ளே என்ன உண்டு என எண்ணுகின்றார். திறந்த உலக விளையாட்டின் நிலவறை எப்பொழுதும் பக்கவாயிலாகவே அமைகின்றது. வேறொரு வேலையாகச் செல்லும்போது மலைச்சரிவில் ஒரு துளை கண்ணிற்படுகின்றது. புகுக என்று எவரும் ஏவவில்லை. ஏவாத இடத்தில் தானே புகுவதுதான் இவ்வின்பத்தின் முதற்படி. ஒன்றன்பின் ஒன்றாக நிலவறைகளை வரிசைப்படுத்தி ஆடுவோரை நடத்திச் செல்லும் விளையாட்டுகளில் இப்படி கிடைப்பதில்லை.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாடு எட்டு. அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுக்கின்றார். அவை தெய்வமும் பேயும் உள்ளிட்ட அணங்கு, விலங்கு, கள்வர், ஆள்வோராகிய இறை என்பன. பெதெஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்குரோல்ஸ்’ வரிசையில் 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டை இந்நான்கோடு பொருத்திப் பார்க்கலாம். அதில் ஆடுவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் ‘பிளீக் ஃபால்ஸ் பேரோ’ என்னும் மலைக்கல்லறையின் வாயிலில் கள்வர் நிற்கின்றனர். சற்று உள்ளே சென்றால் பெருஞ்சிலந்தி ஒன்று இறங்குகின்றது. மேலும் ஆழத்தில் உயிர்த்தெழும் பிணங்கள் உள்ளன. கடைசிக் கூடத்தில் அப்பிணங்களுக்குத் தலைமை பூண்ட ஒன்று கல்லறையிலிருந்து எழுகின்றது. கள்வர், விலங்கு, அணங்கு, இறை என நான்கும் முறையே வந்துவிடுகின்றன.

இப்பொருத்தம் வியப்பிற்குரியதாயினும் அதன் பயன் வேறு. நான்கும் ஒன்றல்ல என்பதே கருதத்தக்கது. கள்வரிடம் அச்சம் கொள்வது அவர் நம்மை ஒத்தவர் என்பதால். விலங்கிடம் அச்சம் கொள்வது அது நம் மொழியை அறியாது என்பதால். அணங்கிடம் அச்சம் கொள்வது அது இயற்கையின் ஒழுங்கிற்கு அடங்காது என்பதால். இறையிடம் அச்சம் கொள்வது நாம் அதன் இடத்தில் பிழைசெய்து நிற்கின்றோம் என்பதால். நல்ல நிலவறை ஆடுவோரை ஓர் அச்சத்திலிருந்து மற்றோர் அச்சத்திற்குப் படிப்படியாகக் கொண்டு செல்கின்றது. ஒரே வகைப் பகைவரை எண்ணிக்கையில் மட்டும் பெருக்கும் நிலவறை விரைவில் சலிக்கின்றது.

இக்கருவி குறையையும் காட்டுகின்றது. அதே வரிசையில் 2006இல் வந்த ‘ஒப்ளிவியன்’ விளையாட்டில், ஆடுவோரின் ஆற்றல் வளர வளரப் பகைவரின் ஆற்றலும் எங்கும் உடன் வளருமாறு அமைக்கப்பட்டிருந்தது. வழிப்பறிக் கள்வரும் ஒரு கட்டத்தில் விலையுயர்ந்த கவசம் பூண்டு வந்தனர். எந்தக் குகையும் மற்றொன்றைவிடக் கொடியதன்று என்ற நிலை ஏற்பட்டபின் வாயிலில் நின்று தயங்க வேண்டிய தேவை இல்லை. தயக்கம் நீங்கிய இடத்தில் அச்சமும் நீங்குகின்றது. அச்சம் நீங்கிய பின் எஞ்சுவது உழைப்பு மட்டுமே.

மருட்கை: பிலத்துள் ஒரு நகரம்

புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கம் ஆகிய நான்கும் மருட்கையின் நிலைக்களன்கள். தமிழில் நிலவறை மருட்கைக்குத் தலைசிறந்த சான்று கம்பராமாயணக் கிட்கிந்தா காண்டத்துப் பிலம் புக்கு நீங்கு படலமாகும். சீதையைத் தேடித் தென்திசை சென்ற வானரர் கொடிய வெம்மையில் நடந்து ஒரு பிலத்துள் புகுகின்றனர். இருளில் திகைத்து நின்றோர் அனுமனின் வாலைப் பற்றிக்கொண்டு செல்கின்றனர். இருளின் முடிவில் ஒளிமிக்க நகரம் ஒன்று தோன்றுகின்றது. அங்குச் சுயம்பிரபை தவம் செய்கின்றாள்.

இப்படலத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. வெயில், இருள், ஒளி என்ற மூன்று நிலைகள் அடுத்தடுத்து வருகின்றன. இருள் நீண்டதாலேயே நகரின் ஒளி மருட்கை ஆகின்றது. வெளியே பாலையில் அதே நகரம் நின்றிருப்பின் அது வழிநடையில் கண்ட ஓர் ஊர் மட்டுமே. ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் பழைய இடிபாடுகளின் அடியில் இறங்கிச் சென்றால் எதிர்ப்படும் ‘பிளாக்ரீச்’ என்னும் பெருங்குகையும், 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் நெடுநேரம் கீழிறங்கும் தூக்கியின் முடிவில் நிலத்தடியில் விண்மீன் வானம் போல் தோன்றும் ஆற்றுவெளியும் இதே இலக்கணத்தில் அமைந்தவை. குறுகிய வழி, நீண்ட இறக்கம், எதிர்பாரா விரிவு என்பதே அவ்விலக்கணம். மண்ணுக்கு அடியில் வெளியைக் காண்பது ஆக்கம். அதன் முன் தன்னுருவம் எறும்பாகத் தோன்றுவது பெருமையும் சிறுமையும் ஒருங்கு நிகழ்வது.

புதுமை குன்றினால் மருட்கை குன்றும் என்பதற்கும் சான்றுகள் உள. 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ விளையாட்டின் நிலவறைகள் பெரும்பாலும் கணினி தானே துண்டுகளைப் பொருத்தி உருவாக்கிய மாபெரும் சிக்கல் வழிகள். அளவு மிகுதியும் உண்டு. ஆயினும் ஒரு கூடத்திற்கும் மற்றொரு கூடத்திற்கும் பொருள் வேறுபாடு இல்லை. 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டின் 120 சிறு கோயில்களில் அறிவிற்கு விருந்தான புதிர்கள் பல. ஆனால் சுவரும் ஒளியும் இசையும் ஒரே வகையின. ஆகவே அங்குப் பிறப்பது புதிர் விடுத்த நிறைவே. இடம் தரும் மருட்கை அன்று. இடத்திற்கு ஒரு கதை இருத்தல் வேண்டும். அக்கதையைக் கல்லும் சிதறிய பொருளும் சொல்லுதல் வேண்டும். இறந்து கிடக்கும் பயணி ஒருவனின் அருகில் அணைந்த பந்தமும் முடியாத கடிதமும் இருந்தால், அச்சிறு மூலையே ஒரு காதை ஆகிவிடுகின்றது.

பெருமிதமும் ஆற்றுப்படையும்

கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கின்வழிப் பெருமிதம் பிறக்கும். நிலவறையில் தறுகண் வெளிப்படை. கல்வி என்பது சற்று விளக்கத்திற்குரியது. நல்ல நிலவறை ஆடுவோர்க்கு ஒரு பாடத்தைச் சொல்லாமல் கற்பிக்கின்றது. முன்னர்க் குறித்த கல்லறையில் மூன்று வளையங்கள் கொண்ட கதவு ஒன்று உள்ளது. அதனைத் திறக்கும் வரிசை, ஆடுவோர் கையில் உள்ள பொன் நகத்தின் உள்ளங்கையில் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை எனப் பொறிக்கப்பட்டுள்ளது. கையில் உள்ளதைத் திருப்பிப் பார்க்கும் அளவு அறிவே தேவை. ஆயினும் அதனைத் தானே கண்டறிந்தவர்க்குப் பெருமிதம் உண்டு. பிறர் சொல்லக் கேட்டவர்க்கு இல்லை.

வழியறிதலும் கல்வியே. 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டில் ஒரு குகைக்குச் செல்லும் வழியை ஊரார் வாய்மொழியாகச் சொல்வர்: ஆற்றைக் கடந்து வடக்கே சென்று, பாலத்தின் இடப்புறம் திரும்ப வேண்டும் என்பது போன்ற குறிப்புகள். தமிழ் ஆசிரியர்க்கு இது புதிதன்று. இஃது ஆற்றுப்படை மரபு. மலைபடுகடாத்தில், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவோன், பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், கவனமாகக் கடக்க வேண்டிய சரிவு என ஒவ்வொன்றாக எச்சரிக்கின்றான். கேட்டவன் சொல்லை நிலத்தோடு பொருத்திப் பார்த்துச் செல்ல வேண்டும். 2006க்குப் பின் இவ்வரிசை விளையாட்டுகளில் திசைகாட்டியின் மேல் ஓர் அம்புக்குறி தோன்றி இலக்கை நேரே காட்டலாயிற்று. பயணம் எளிதாயிற்று, ஆனால் நிலத்தை நோக்க வேண்டிய தேவை போயிற்று. ஆற்றுப்படையில் சொல் நிலத்தைக் காணச் செய்கின்றது. அம்புக்குறியோ நிலத்தை மறைக்கின்றது.

உவகை: மீளும் வழி

செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றால் உவகை பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். விளையாட்டையே ஒரு நிலைக்களனாகத் தொல்காப்பியர் வைத்தது இங்கு நினைக்கத்தக்கது. நிலவறையின் இறுதியில் கிட்டும் பேழையும் வாளும் செல்வம். அவற்றால் பெறும் உவகை மெய்யே, ஆனால் குறுகியது. உறுதியான உவகை மீளுதலில் உள்ளது.

‘ஸ்கைரிம்’ நிலவறைகளுள் பல வளையமாக அமைந்தவை. இறுதிக் கூடத்திலிருந்து ஒரு குறுக்கு வழி முன்பு கண்ட பகுதிக்கோ மலையின் மறுபக்கத்திற்கோ கொண்டு சேர்க்கின்றது. ‘ஒப்ளிவியன்’ விளையாட்டின் தொடக்கம் இதற்கு மிகச் சிறந்த சான்று. சிறையில் தொடங்கிச் சாக்கடை வழியே நெடுந்தூரம் வந்தபின் ஒரு கம்பிக்கதவு திறக்க, ஏரியும் வானமும் எதிரே பழைய இடிபாடுகளும் தோன்றுகின்றன. அவ்வெளி முன்னரும் அங்கு இருந்ததே. நிலவறையைக் கடந்ததனாலேயே அது ‘திறந்த’ உலகம் ஆயிற்று. நிலவறை வெளிக்கு மாற்றன்று. வெளியின் அளவை உணர்த்தும் கோல்.

கம்பரும் புகுதலோடு நீங்குதலையும் படலத்தின் பெயரிலேயே வைத்துள்ளார். வான்மீகத்தில் சுயம்பிரபை வானரரைக் கண்மூடச் செய்து வெளியே சேர்க்கின்றாள். கம்பரிலோ அனுமன் பேருருக் கொண்டு பிலத்தைப் பிளந்து வெளியேறுகின்றான். முன்னதில் மீட்சி அருளால் வருவது. பின்னதில் ஆற்றலால் வருவது. இன்றைய விளையாட்டுகளுள் பொத்தானை அழுத்தி ஒரே கணத்தில் ஊர் திரும்பும் வசதி முன்னதை ஒத்தது. வசதி மிக்கதாயினும் அதில் நீங்குதலின் சுவை இல்லை.

கொடை இன்மை

பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களுள் கல்வி, தறுகண், புகழ் ஆகிய மூன்றும் நிலவறையில் நிறைந்துள்ளன. நான்காவதாகிய கொடை ஏறக்குறைய இல்லை. இங்கேதான் இவ்விளையாட்டுகளின் எல்லை புலனாகின்றது. ஆடுவோர் புகும் இடங்களுள் பல மூதாதையர் கல்லறைகள். இறந்தோர்க்கென வைத்த படையற்பொருளை அள்ளிச் சென்று கடையில் விற்பதே வழக்கம். சில விளையாட்டு நாள்கள் கழித்துச் சென்றால் கொல்லப்பட்டோரும் பேழைப் பொருளும் மீண்டும் நிரம்பியிருத்தல் உண்டு. எடுத்ததற்கும் விளைவில்லை, கொன்றதற்கும் விளைவில்லை. இரப்போர்க்கு ஒரு காசு ஈந்தாலும் ‘ஸ்கைரிம்’ அதற்கு ஈடாகப் பேச்சுத்திறனில் ஒரு தற்காலிக உயர்வைத் தந்துவிடுகின்றது. கொடை அங்கு வாணிகமாகின்றது.

தமிழ் மரபின் நிலவறைகள் வேறு வகையின. மணிமேகலை சிறைக்கோட்டத்துள் புகுந்தது எடுப்பதற்கன்று. அமுதசுரபியால் பசி நீக்குவதற்கு. அதன்பின் அச்சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று. பிலத்துள் புகுந்த வானரர்க்குச் சுயம்பிரபை விருந்தளித்தாள். அவர்கள் வரவால் அவளது நெடுந்தவச் சிறை முடிந்தது. நக்கீரர் பற்றிய மரபுவழிக் கதையில், குகையில் பூதத்தால் அடைக்கப்பட்ட ஆயிரவர் முருகாற்றுப்படையின் பயனாக ஒருங்கே விடுதலை பெற்றனர். மூன்றிலும் புகுந்தவர் வெளிவந்தபின் அவ்விடம் முன்போல் இல்லை; இடமும் அதில் இருந்தோரும் மாறிவிட்டனர்.

பத்துமலையிலும் இதே நெறியே. தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் ஏந்தி ஏறுவோர் குகைக்குள் ஒன்றைச் சேர்க்கச் செல்கின்றனர். நேர்த்திக்கடன் கொடையோடு முற்றும் ஒன்றன்று எனினும் இரண்டும் கையிலிருந்து வெளியே செல்வன. அம்மலையின் இருட்குகையில் வளைக்குக் கதவமைத்து வாழும் மிகத் தொன்மையான சிலந்தியினம் ஒன்றுண்டு. விளையாட்டில் சிலந்தியிடமிருந்து மனிதனைக் காக்க வேண்டியுள்ளது. செலாயாங்கில் மனிதனிடமிருந்து சிலந்தியைக் காக்க வேண்டியுள்ளது. இம்முரணை வகுப்பறையில் எழுப்பினால் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

முடிவுரை

நிலவறை இன்பம் பொருளீட்டும் ஆசையாலோ கொல்லும் வெறியாலோ மட்டும் விளைவதன்று. அச்சம் வகைப்பட்டு வளர்தல், இருளின் முடிவில் மருட்கை விரிதல், தானே கண்டறிந்த கல்வியால் பெருமிதம் எழுதல், மீளும் வழியில் வெளி புதிதாகத் தோன்றி உவகை தருதல் என்ற நான்கும் முறைப்படி அமையும்போது அது சுவையாகின்றது. இவற்றுள் ஒன்று குன்றினும் சலிப்பு நுழைகின்றது. கொடை இன்மையால் அச்சுவை முழுமை பெறாது நிற்கின்றது என்பதும் அதே கருவியால் தெரியவருகின்றது.

இவ்விளையாட்டுகள் தமிழில் இல்லை. நம் மாணவர் இவ்வச்சத்தையும் மருட்கையையும் ஆங்கிலச் சொற்களின் வழியே பெறுகின்றனர். அதே வேளையில் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்குரிய பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். இவ்விரண்டும் ஒருவர் உள்ளத்திலேயே சந்திக்காமல் இருப்பதுதான் இழப்பு. தாம் ஆழ்ந்து துய்ப்பதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று ஒரு தலைமுறை எண்ணத் தொடங்கினால் தமிழ் அவர்க்குத் தேர்வு மொழியாக மட்டுமே எஞ்சும். சொல் உண்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையும் கூர்மையும் அதற்கு உண்டு. நேற்றிரவு புகுந்த நிலவறையில் எந்த மெய்ப்பாடு எவ்விடத்தில் பிறந்தது, எது பிறக்கவில்லை, ஏன் என்பதை ஒரு பக்க அளவில் எழுதிவருமாறு ஆசிரியர் பணிக்கலாம். விளையாட்டைக் கண்டிப்பதற்கு முன்னரும் பாராட்டுவதற்கு முன்னரும் செய்யத்தக்க பணி அது.